வசிய்யத்தில் படைவீரர்களுக்கும் ஓர் இடம்

(நமது அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் அஸர் தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



போன மாதக் கூட்டத்தில் வசிய்யத் பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பள்ளிவாசலுக்கு எழுதலாம், மதரஸாவுக்கு எழுதலாம், ஏழைக் குமர்களின் நிக்காஹ்வுக்கு எழுதலாம், வேறு எதற்கு எழுதலாம் என்று. அதற்குப் பதிலாக இன்று ஒன்றை உங்கள் முன் வைக்கிறோம். போருக்குப் போய்த் திரும்பியவர்களையும் திரும்பாதவர்களையும் மறக்காமல் இருப்பதற்கு, உங்கள் வசிய்யத்தில் சிறு பங்கு ஒன்று. கேட்டவுடன் சிலருக்கு வினோதமாகத் தோன்றும். எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. எங்கள் மனம் மாறியதற்குக் காரணம் எங்கள் தவறுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் மஹல்லாவில் 'ஹவில்தார் வீடு' என்று ஒரு வீடு இருந்தது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஹவில்தார் இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா பக்கம் போனவர். யுத்தம் முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்களே, அதில் ஒருவராக ஊர் திரும்பினார். பென்ஷன் கிடையாது. ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதிப் பிழைத்தார். பிள்ளைகள் இல்லை. அவர் மௌத்தாகி வெகு காலத்துக்குப் பிறகும் அவருடைய மனைவி அந்த வீட்டில் தனியாக இருந்தார். தெருவே அவரை நன்னிமா என்று கூப்பிட்டது.

ஒரு ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுக்க நம் அலுவலகத்துக்கு வந்த நன்னிமா, போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். தபால் ஆபீஸில் கொஞ்சம் பணம் இருக்கிறது, தன் காலத்துக்குப் பிறகு அதில் ஒரு பகுதியை எடுத்து, அவர் பேரைச் சொல்லி, அவரைப் போல பட்டாளத்துக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்களுக்கு வருஷா வருஷம் ஏதாவது செய்யுங்கள் என்றார். நாங்கள் என்ன செய்தோம்? "சரி நன்னிமா, இன்ஷா அல்லாஹ்" என்றோம். ஒரு தாளை எடுத்து எழுதவில்லை. இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அன்று கஞ்சி அரிசிக் கணக்குதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த பெருநாளுக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார். வெளியூரிலிருந்து வாரிசுகள் வந்தார்கள். நாங்கள் போய்ச் சொன்னோம். "எழுத்து இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாமாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம். வாய்மொழி வசிய்யத்தும் செல்லும் என்பது மார்க்கத்திலும் உண்டு, நம் நாட்டில் முஸ்லிம்களுக்குரிய சட்டத்திலும் உண்டு. ஆனால் வாயால் சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. ஒரு வசிய்யத்துக்காக ஒரு குடும்பத்தோடு கோர்ட்டுக்குப் போக எங்களுக்கு மனமில்லை, விட்டுவிட்டோம்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. வீட்டைக் காலி செய்தபோது ஒரு தகரப்பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதில்தான் மெடல்கள் இருந்தன. டிஸ்சார்ஜ் புத்தகமும் அதில்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகம் போனால் என்ன என்று நினைக்கலாம். ஒரு சிப்பாயின் படை எண் அதில்தான் இருக்கும். அந்த எண்ணும் ரெஜிமெண்டின் பெயரும் இல்லாமல் எந்த ரெக்கார்டு ஆபீஸிலும் அவரைத் தேட முடியாது. பென்ஷன் இல்லாமல் வந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் அரசாங்க உதவித்தொகை என்று ஒன்று உண்டு. நன்னிமா கடைசி வரை அதை வாங்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பெட்டி வீட்டிலேயே இருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை நாங்கள் தேட ஆரம்பித்தோம்.

படைவீரர் நினைவு என்றால் நமக்குச் சட்டென்று கல்தூணும் மலர்வளையமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. நம் மார்க்கத்தில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் கொடியைப் பிடித்த இரு கைகளும் வெட்டுப்பட்டு ஷஹீதானார்கள். செய்தி மதீனாவுக்கு வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜஅஃபரின் வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்கள், கண் கலங்கினார்கள். துக்கத்தில் இருக்கும் அந்த வீட்டுக்கு உணவு சமைத்து அனுப்பும்படி மற்றவர்களிடம் சொன்னார்கள். சில நாள் கழித்து அந்தப் பிள்ளைகளை வரவழைத்து, நாவிதரைக் கூப்பிட்டுத் தலைமுடி மழிக்கச் செய்தார்கள் என்றும் ஹதீஸ்களில் வருகிறது. சோறும், பிள்ளையின் தலைமுடியும்! இவ்வளவு சின்ன விஷயங்களில் அந்த நினைவு இருந்தது. உஹத் ஷஹீதுகளுக்காகப் பல வருஷங்களுக்குப் பிறகும் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்ததும் நமக்குத் தெரியும்.

கபர் மேல் கட்டலாமா, ஹத்தம் ஓதலாமா என்று இங்கே யாராவது ஆரம்பித்தால் இஷா வரை முடியாது. அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை. துஆவிலும் தர்மத்திலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாங்கள் கேட்பது அந்த இரண்டுக்கும்தான்.

சரி, மறந்துபோனவர்கள் எத்தனை பேர்? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேவை செய்தார்கள், 74,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் படையின் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தொட்டது. போரில் இறந்தவர்களின் கபர்களையும் நினைவுச் சின்னங்களையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் 855 கபர்களோடு இருக்கிறதே, அந்தப் புல்வெளியும் அவர்கள் பராமரிப்புதான். பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்த ஆணையத்துக்கு இந்தியா உட்பட பல நாடுகள் பணம் தருகின்றன. அங்கே நம் பணம் தேவைப்படாது.

ஆனால் அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் பழைய தவறை ஒத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேருக்கு மற்றவர்களுக்குச் சமமான நினைவு கிடைக்கவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரைக்கும், பெயர் சொல்லி நினைவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொல்லிற்று. இராக்கின் பஸ்ராவில் இருக்கும் நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை, படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். ஒருவருடைய உம்மா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அங்கே வெறும் எண்ணாகக் கிடக்கிறது.

இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் காயப்பட்டு அங்குள்ள மருத்துவமனைகளில் மௌத்தான இந்திய முஸ்லிம் வீரர்களுக்காகவே ஒரு மையவாடி அமைத்தார்கள், 1917-இல் கட்டி முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களையும் சேர்த்து 27 பேர். பின்னால் அந்த இடத்தை விஷமிகள் சேதப்படுத்தியதால், 1960-களின் இறுதியில் அந்த மையித்துகளை அருகிலுள்ள ராணுவக் கல்லறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பழைய இடம் பாழடைந்து கிடந்தது. 2015 நவம்பரில்தான் அதைச் சீரமைத்து, 27 மரங்கள் நட்டு, அமைதிப் பூங்காவாகத் திறந்தார்கள். ஒரு தலைமுறை அலட்சியமாக விட்டதை இன்னொரு தலைமுறை பணம் போட்டு மீட்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் போரில் இறந்தவர்கள் கதை. நம் ஹவில்தாரைப் போல உயிரோடு திரும்பி, ஊரில் வயதாகி மௌத்தானவர்கள் இந்த எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். நம் மையவாடியில் இடப் பற்றாக்குறையால் சில வருஷங்களில் அதே இடத்தில் வேறு மையித்தை அடக்கம் செய்கிறோம். அதில் தவறில்லை, மண் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது பெயர் இருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் இளைஞர்கள் சிலர் எங்களிடம் கேட்டதை மறைக்க விரும்பவில்லை. "அவர்கள் வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டார்கள்? முதல் உலகப் போரில் துருக்கிக் கலீஃபாவின் படைக்கு எதிராகவே போனார்களே, அவர்களை எதற்கு நினைக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. அந்தச் சங்கடம் அந்தச் சிப்பாய்களுக்கே இருந்தது. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். துருக்கியரோடு போரிடத் தங்களை அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தியும் அதற்கு ஒரு காரணம். 47 பேரைச் சிறைச்சுவரின் எதிரே நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அதே காலத்தில் வேறு முஸ்லிம் வீரர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து மெசபடோமியாவில் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் குதாதாத் கான் என்ற மெஷின்கன் சிப்பாய், உடனிருந்தவர்கள் எல்லோரும் விழுந்த பிறகும் தனியாக நின்று சுட்டு, இந்தியர்களில் முதல் விக்டோரியா கிராஸ் வாங்கினார். இவர்களில் யாருடைய நிய்யத் என்ன என்று அளக்க நம்மிடம் தராசு இல்லை. பஞ்சம் பிழைக்கப் போனவர் உண்டு, வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனவர் உண்டு. நாம் போரைக் கொண்டாடவில்லை. போன மனிதரையும், அவர் விட்டுப் போன வீட்டையும் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்களில் இருவரை மட்டும் சொல்கிறோம். 1965-இல் கேம்கரனில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது, நாடே அறியும். பிரிகேடியர் முஹம்மது உஸ்மானை அவ்வளவு பேருக்குத் தெரியாது. ஜங்கரை மீட்கும் வரை கட்டிலில் படுக்க மாட்டேன் என்று தரையில் பாய் விரித்துப் படுத்தவர். 1948 மார்ச்சில் அதை மீட்டார், ஜூலை 3-இல் அங்கேயே குண்டு விழுந்து ஷஹீதானார். டெல்லி ஜாமியா மில்லியா மையவாடியில் அவர் கபர் இருக்கிறது. 2020 டிசம்பரில் அந்தக் கபர் சேதமடைந்து கிடப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு ராணுவம் அதைச் சீரமைக்க முன்வந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். துஆச் செய்யப் பிள்ளை இல்லை. மகாவீர் சக்கரம் வாங்கிய பிரிகேடியருக்கே இந்த நிலை என்றால், நம் ஹவில்தாருக்கு யார் இருக்கிறார்கள்?

இனி, பணம் வந்தால் என்ன செய்வோம் என்பதைச் சொல்ல வேண்டும். கல்வெட்டு வைக்க மாட்டோம். வைக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள், பளிங்கில் பெயர் பொறித்தால் கொடுப்பவருக்கும் ஒரு மகிழ்ச்சி என்றார்கள். அந்தப் பளிங்கின் விலைக்கு ஒரு விதவையின் ஒரு வருஷத்து மருந்துச் செலவு அடங்கும். எங்கள் திட்டத்தில் முதலாவது ஒரு பதிவேடு. இந்த மஹல்லாவிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் படைக்குப் போனவர்களின் பெயர், படை எண், ரெஜிமெண்ட், போன வருஷம், வந்த வருஷம், படம் இருந்தால் படம். தெரு என்றால் எல்லோரும்தான். கோயில் தெருவிலிருந்து போனவரும் சர்ச் பக்கத்திலிருந்து போனவரும் அதில் இருப்பார்கள். முஸ்லிம் அல்லாதவருக்கு வசிய்யத்தும் ஸதகாவும் கொடுக்கலாம் என்பதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். இரண்டாவது, அந்த வீடுகளில் இருக்கும் முதியவர்களை ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்ப்பது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் அவர்களுக்கு உரியதை வாங்கித் தருவது. பாதி உதவி நம் பணத்திலிருந்து அல்ல, அரசாங்கத்திடம் ஏற்கனவே இருக்கும் பணத்திலிருந்து வரும். ஆட்டோக் கூலியும் ஜெராக்ஸ் செலவும்தான் நம்முடையது. டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல் நாடு முழுக்க நடக்கிறது. அன்று அந்த வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்புவோம்.

வரும் பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டு வட்டியில் நடத்த முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அறக்கட்டளைக்குச் சொந்தமான கடைகளோடு இன்னொரு சிறு கடை வாங்கி, அதன் வாடகையில் இதை நடத்துவது என்று முடிவு. முதல் தொகை வந்திருக்கிறது. படையில் லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற நம் சகோதரர் ஒருவர், பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி, ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் போனார். அல்லாஹ் அவருடைய கபரை ஒளியாக்கட்டும். அவருடைய மகன்தான் இன்று பதிவேட்டு வேலையைப் பார்க்கிறார்.

எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், இங்கேதான் தவறுகள் நடக்கின்றன. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, மூன்றில் இரண்டு பங்கைத் தர்மமாக எழுதட்டுமா, பாதியை எழுதட்டுமா என்று கேட்டதும், மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும் நீங்கள் பயானில் கேட்டதுதான். வாரிசுகளைக் கையேந்த விட்டுவிட்டுச் செய்யும் தர்மத்தை நம் மார்க்கம் விரும்பவில்லை. உங்கள் பிள்ளைகள் கஷ்டத்தில் இருந்தால் இந்த உரையை மறந்துவிடுங்கள். எங்களுக்கு எதுவும் எழுத வேண்டாம்.

மூன்றில் ஒன்று என்பது எதில் மூன்றில் ஒன்று? கபன் செலவும் கடனும் போக மீதியில். ஒருவர் 12 லட்சம் விட்டுச் செல்கிறார், அடக்கச் செலவும் கடனுமாக 3 லட்சம் என்று வையுங்கள். மீதி 9 லட்சம். அதில் 3 லட்சம் வரை வசிய்யத் செல்லும். 12-ஐ மூன்றாக வகுத்து 4 லட்சம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, மனைவிக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்த மஹரும் கடன்தான். அதைக் கணக்கில் சேர்க்க ஆண்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். (திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.) மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால், மௌத்துக்குப் பின் வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும்.

எழுதும்போது அறக்கட்டளையின் பதிவுப் பெயரையும் பதிவு எண்ணையும் முழுதாக எழுதுங்கள். 'நம்ம டிரஸ்ட்' என்று எழுதி வைத்த ஒரு தாள் எங்களிடம் இருக்கிறது, இந்த ஊரில் நான்கு டிரஸ்ட் உண்டு. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னால் தகராறு குறையும். வசிய்யத்தை நிறைவேற்ற ஒருவரை வஸீயாக நியமியுங்கள், அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நோக்கத்தைக் குறுக்கி எழுதாதீர்கள். 'இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்கு' என்று மட்டும் எழுதினால், இன்னும் சில வருஷங்களில் அந்தப் பணத்தை வாங்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். 'படைவீரர் நினைவுக்கும் அவர்கள் குடும்ப நலனுக்கும், அது இயலாதபோது அதற்கு நெருங்கிய நற்காரியத்துக்கும்' என்று எழுதினால் பணம் முடங்காது. எழுதிய பிறகு மனம் மாறினால் உயிரோடு இருக்கும் வரை மாற்றிக்கொள்ளலாம், ரத்தும் செய்யலாம், எங்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஸகாத் பணத்தை மட்டும் இதற்கு எழுத வேண்டாம். ஸகாத்துக்கு உரியவர்கள் வேறு, அதன் கணக்கும் வேறு.

மக்ரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. வாசல் மேசையில் பச்சை அட்டை போட்ட பதிவேடு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது ஒரு தகரப்பெட்டி இருக்கலாம். வாப்பாவோ பாட்டனாரோ பட்டாளத்தில் இருந்திருந்தால், அதைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய கடிதம், எண் பொறித்த மெடல், எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். வசிய்யத் எழுத விரும்புகிறவர்களுக்காக வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு ஒரு வழக்கறிஞரும் ஹஜ்ரத் அவர்களும் அலுவலகத்தில் இருப்பார்கள், கட்டணம் இல்லை.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் நம் ஹவில்தாரின் பெயரை எழுதியிருக்கிறோம். ரெஜிமெண்ட், படை எண், சேர்ந்த வருஷம் எல்லாம் காலியாக இருக்கின்றன. அவரோடு தோல் மண்டியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அவர் வாயால் சொல்லிக் கேட்டது எதுவாக இருந்தாலும், போவதற்கு முன் மேசையில் இருக்கும் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.